அடித்துத் திருத்துவதா?

நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் பக்கத்துத் தோழர்கள் சிலர் ஒரு விஷயத்தைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு நம்மிடம் கேட்கிறார்கள். அதாவது, பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன் அக்காளின் தாவணியைக் கட்டிப் பார்க்கிறான், "நான் பெண்" என்கிறான், என்ன செய்வது என்பதேயாகும். இதில் குரலைத் தாழ்த்த வேண்டிய சங்கதி ஒன்றுமில்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆகையால் பகிரங்கமாகவே பேசுவோம்.

இப்போது பெற்றோர் செய்வது என்ன? முதலில் அடி. அடி பலிக்காவிட்டால் ஜோசியன், மந்திரவாதி, தாயத்து. அதுவும் பலிக்காவிட்டால் "குடும்ப மானம்" என்று சொல்லித் துரத்திவிடுவது. துரத்தப்பட்ட பிள்ளை ரயிலில் கைதட்டிக் காசு கேட்டால், "இதுகளுக்கு உழைத்துச் சாப்பிட்டாலென்ன?" என்று கேட்பவர்களும் இதே யோக்கியர்கள்தான்! மஞ்சள் போட்ட குடியானவர் அது விளைய எட்டு ஒன்பது மாதம் பொறுக்கிறார். பெற்ற பிள்ளை தன்னை அறிய நாலு வருஷம் பொறுக்க மாட்டாரா?

நிற்க. விஞ்ஞானம் சொல்வதைப் பார்ப்போம். குழந்தை தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ சுமார் 3 வயதிலேயே சொல்லத் தொடங்குகிறது. பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் சுரப்பிகள் வேகங்கொண்டு உடம்பு மாறத் தொடங்குகிறது. பெரும்பாலோருக்கு உடம்பும் உள்ளமும் ஒரே வழியில் போகின்றன. சிலருக்கு அப்படியில்லை. மீசை முளைக்க முளைக்கத் தன் உடம்பே தனக்கு அந்நியமாய்ப் படுகிறது. இது திமிருமல்ல, பேயுமல்ல, பூர்வஜென்ம பாவமுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் இதை மனநோய் வரிசையிலிருந்தே எடுத்துவிட்டது.

அதற்காக, கோலம் போடுகிற பையனெல்லாம் பெண் என்றோ, பந்தாடுகிற பெண்ணெல்லாம் ஆண் என்றோ நாம் சொல்ல வரவில்லை. தன்னைத் தேடுவது அந்த வயதின் இயற்கை. ஆகவே அவசரப்பட்டுப் பட்டம் கட்டவும் வேண்டாம், அவசரப்பட்டு அடக்கவும் வேண்டாம்.

"இது உலகத்தில் இல்லாத வழக்கம்" என்கிறார்கள் வைதீகர்கள். இவர்களேதான் திருச்செங்கோட்டு மலையேறி, பாதி ஆண் பாதி பெண்ணாய் நிற்கும் அர்த்தநாரியைக் கன்னத்தில் போட்டுக் கும்பிடுகிறவர்கள். கல்லில் செய்தால் சாமி, சதையில் பிறந்தால் சாபமா? தொல்காப்பிய இலக்கணங்கூட இப்படிப்பட்டவர்களை உயர்திணையில் வைத்தே பேசுகிறது. நாமோ "அது", "இது" என்று அஃறிணை ஆக்குகிறோம்!

பிரித்திகா யாஷினி என்னும் திருநங்கை நமது சேலத்தில் பிறந்தவர். அவர் போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனுப்போட்டபோது, ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களில் அடங்கவில்லையென்று தள்ளினார்கள். அவர் சென்னை ஹைக்கோர்ட்டுக்குப் போனார். 2015 நவம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2017இல் உத்தியோகம் ஏற்றார். இவரைப் போன்ற பிள்ளைகள் எத்தனை பேர் பாதிப் படிப்பில் துரத்தப்பட்டுத் தெருவில் நிற்கிறார்கள்? அந்த நஷ்டம் யாருக்கு?

தமிழ்நாட்டு சர்க்கார் 2008இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15இல் சுப்ரீம் கோர்ட்டு இவர்களை மூன்றாம் பாலினமாக ஒப்புக்கொண்டது. 2021இல் சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவர்களை வைத்தியத்தால் "மாற்றுகிறேன்" என்று கிளம்பும் முயற்சிகளையே தடை செய்தார். அதற்கு முன், இவ்விஷயத்தில் தமக்குப் போதிய அறிவில்லையென்று சொல்லி, மனநல நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டார். ஹைக்கோர்ட்டு நீதிபதியே கற்றுக்கொள்ள வெட்கப்படாதபோது, பெற்ற தகப்பனுக்கு என்ன வெட்கம் என்று கேட்கிறோம்.

பெற்றோர்களே! பிள்ளையை அடிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீர்கள். விஷயம் தெரிந்த வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். அதைவிட முக்கியம், ராத்திரிச் சோற்றை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துப் போடுங்கள். ஊர் பேசினால் பேசட்டும். உங்கள் பிள்ளை நாளைக்குப் பசித்துத் தெருவில் நின்றால், அந்த ஊர் ஒரு பிடி சோறு போடப்போவதில்லை.