பல் கிளீன் பண்ணினா பல் ஆடுமா? பனியன் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

"பல்லை கிளீன் பண்ணாதீங்க, அப்புறம் ஆட ஆரம்பிச்சிடும்." திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டீ டைம் பேச்சில் இதைக் கேட்டிருப்பீர்கள். உண்மை அப்படியே தலைகீழ்.

பல்லைப் பிடித்திருப்பது எது?

பல் நேரடியாக எலும்பில் ஒட்டியில்லை. வேரின் மேல் சிமென்டம் என்ற மெல்லிய, கடினமான படலம் இருக்கிறது. அதில் புதைந்த நுண்ணிய நார்கள்தான் பல்லைத் தாடை எலும்போடு இணைக்கின்றன. இரண்டு துணியைச் சேர்க்கும் தையல் மாதிரி. ஒரு பக்கத் துணி நைந்துபோனால் நூல் எதைப் பிடிக்கும்?

எப்படி உருவாகிறது?

வேர் வளரும் காலத்தில், பல்லைச் சுற்றியுள்ள திசுவிலிருந்து வரும் சிமென்டோபிளாஸ்ட் செல்கள் இதைப் படியவைக்கின்றன. ஈறுப் பக்கம் மெல்லிசு, வேர் நுனியில் தடிமன். உள்ளே ரத்தக் குழாய் கிடையாது. வாழ்நாள் முழுக்க ரொம்ப மெதுவாகச் சேரும். எலும்பைப் போலத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது.

அப்புறம் ஏன் ஆடுகிறது?

காரை படிந்து, ஈறுக்குக் கீழே பாக்டீரியா இறங்கினால் நார்கள் அழியும், எலும்பு கரையும். பீடி, சிகரெட் இதை வேகப்படுத்தும். உதட்டோரம் புகையிலை வைத்தால் அந்த இடத்தில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வலி பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ஏற்கெனவே பிடி போன பல்லைக் காரைதான் பக்கத்துப் பல்லோடு சேர்த்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. கிளீனிங் பல்லை ஆட்டவில்லை, இருந்த ஆட்டத்தைக் காட்டிக்கொடுத்தது.

மறுபடி வளருமா?

ஓரளவு. சுத்தம் செய்த வேரை ஈறுத் தோல் செல்கள் முந்திக்கொண்டு மூடிவிடுவதுதான் சிக்கல். நடுவில் ஒரு தடுப்புச் சவ்வை வைத்தால் புது சிமென்டமும் நார்களும் உருவாகும் என்று 1982-இல் ஸ்டூரே நைமன் குழு மனிதப் பல்லில் காட்டியது. இந்த சிகிச்சை எல்லாப் பல்லுக்கும் பொருந்தாது. புகைப்பவர்களுக்குப் பலன் குறைவு. இழந்ததை மீட்பதைவிட இருப்பதைக் காப்பது சுலபம், செலவும் குறைவு.

என்ன செய்யலாம்?

பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அரை நாள் லீவு என்றாலே சம்பளம் போச்சு. தள்ளிப்போடுவதற்குக் காரணம் புரிகிறது. ஆனால் இஎஸ்ஐ-யில் பதிவாகியிருந்தால் உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் ஏற்கெனவே அதற்குப் போகிறது. பல் சிகிச்சையும் அதில் அடக்கம். பிரஷ் பண்ணும்போது ரத்தம் வந்தால், ஆடும்வரை காத்திருக்காமல் இப்பவே போய்க் காட்டுங்க.