‘தொடரும்’ இல்லாத திரை

“படிக்கத்தான் வாங்கிக் கொடுத்தோம்” என்று சொல்லாத பெற்றோர் இன்று குறைவு. 2020 பெருந்தொற்றில் வகுப்பறை கைபேசிக்குள் புகுந்தது. பள்ளி திறந்த பிறகும் பல இடங்களில் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, பாடம் வரும் அதே திரையில் ரீல்ஸும் வருகிறது. இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தால் பிள்ளையைத் திட்டுகிறோம். அந்தத் திட்டு போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

வளரிளம் பருவத்தில் மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. பாராட்டுக்கும் பரிசுக்கும் துள்ளும் உட்பகுதிகள் முன்னதாகவே விழித்துக்கொள்கின்றன. ‘போதும், எழுந்திரு’ என்று சொல்ல வேண்டிய முன்மூளைப் புறணியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. உறக்கம் வரும் நேரமும் இந்த வயதில் இயல்பாகவே தள்ளிப்போகிறது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் இருவர் 2024இல் 12 மூளை ஸ்கேன் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இணைய அடிமை நிலை கண்டறியப்பட்ட, 10 முதல் 19 வயதுள்ள 237 பேர் அவற்றில் இடம்பெற்றிருந்தனர். கவனத்தையும் தன்னடக்கத்தையும் நடத்தும் பகுதிகளுக்கிடையிலான தொடர்பு அவர்களிடம் குலைந்திருந்தது. 237 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இணையம் மூளையை மாற்றியதா, அப்படிப்பட்ட மூளை இணையத்தில் சிக்கியதா என்று இதை வைத்துப் பிரித்துச் சொல்லவும் முடியாது. எது முந்தியதாக இருந்தாலும், தன்னடக்கம் இன்னும் திரளாத பிள்ளைக்கு அதையே ஒரே காவலாக வைப்பது தவறு என்பதில் மாற்றமில்லை.

தொலைக்காட்சித் தொடருக்கு ‘தொடரும்’ என்று நிற்கும் இடம் உண்டு. வார இதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. முடிவே இல்லாமல் உருளும் திரையும், கேட்காமலே ஓடத் தொடங்கும் அடுத்த காணொளியும், நள்ளிரவில் ஒலிக்கும் நோட்டிபிகேஷனும் அந்த நிறுத்தங்களைத் திட்டமிட்டு அகற்றியவை. அகற்றிய நிறுவனங்களே அவற்றைத் திரும்ப வைக்க வேண்டும்.

பிள்ளையை மட்டும் பூட்டிவைக்கும் வழியைத் தென்கொரியா முயன்று பார்த்தது. 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று 2011இல் தடைபோட்டது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணில் நுழைந்தார்கள், விளையாட்டும் கைபேசிக்கு இடம்பெயர்ந்தது. பத்தாண்டில் சட்டம் கைவிடப்பட்டது. 2025 டிசம்பரில் ஆஸ்திரேலியா நடைமுறைப்படுத்திய சமூக ஊடக வயது வரம்பு முழுமையானது என்று நாம் கருதவில்லை. ஆனால், மீறினால் அபராதம் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் அல்ல, நிறுவனத்துக்கு என்று அது சொல்வது சரியான திசை.

நம்மிடமே சட்டம் இருக்கிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டோரின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. எந்தக் காணொளியில் பிள்ளை எத்தனை நொடி நின்றான் என்று கணக்கெடுத்துத்தான் நிறுவனங்கள் அடுத்ததை ஊட்டுகின்றன. ஆகவே இந்தப் பிரிவு ஒழுங்காக அமலானால் சிக்கலின் வேரையே தொடும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியக் கடமைகளுக்கோ 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அந்த அவகாசம் விலக்குகளைப் பெருக்கும் காலமாகிவிடக் கூடாது. சிறார் கணக்குகளில் தானியங்கிக் காணொளியும் இரவு நோட்டிபிகேஷனும் தொடக்கத்திலேயே அணைந்திருக்க வேண்டும் என்பதையும் மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டை நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை நிறுத்த 2025இல் விதி செய்தது தமிழ்நாடு. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. பெரியவர்களின் இரவைக் காக்கத் துணிந்த அரசு, பிள்ளைகளின் இரவுக்காகவும் தில்லியில் குரல்கொடுக்க வேண்டும். தில்லியைக் கேட்காமலே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு: வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லி எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை. பாடம் மறுபடி டைரியில் எழுதப்படட்டும்.