சத்தம் ஏறுது... மைலேஜ் இறங்குது!

தறிச் சத்தத்துக்குப் பழகிய செல்லூர் காதுகளையே துளைக்கிறது, வாலிபர்கள் மாற்றி மாட்டும் பைக் சைலன்சர். ராத்திரி கபடி ரவுண்டானா பக்கம் ஒரு 'டுபுடுபு'. தொட்டில் பிள்ளை வீறிட்டு அலறுகிறது.

காதுதான் போகட்டும், அப்பன் சம்பாதித்த காசும் போகிறதே! 'கம்பெனி சைலன்சர் மூச்சைப் பிடிக்குது, கழற்றினா வண்டி பறக்கும், பெட்ரோலும் மிச்சம்' என்று ஒரு நம்பிக்கை. ஸ்போர்ட்ஸ் கார் என்ஜின் முழு வேகத்தில் சுற்றும்போது கொஞ்சம் பலன் இருக்கலாம். சிம்மக்கல் நெரிசலில் அந்த வேகத்தை யார் தொடுவது? மெதுவாகப் போகையில் பல வண்டிகளில் இழுவை குறையும். கை தானாக ஆக்சிலேட்டரை முறுக்கும்.

1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்.எக்ஸ்.100 வைத்திருப்பவர் பாடு இன்னும் மோசம். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் வெளியே ஓடப் பார்க்கும். குழாயில் முட்டித் திரும்பும் புகையின் அழுத்தம்தான் அதை மறுபடி உள்ளே தள்ளுகிறது. குழாயின் அளவு மாறினால் பெட்ரோல் புகையோடு போச்சு!

2019 சட்டத் திருத்தப்படி, அளவு மீறிய சத்தத்துக்கு 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. போலீசார் பையன்களை மட்டும் மடக்கினால் போதுமா? மாட்டிக் கொடுத்த கடைக்காரரையும் ஒரு வார்த்தை கேட்கட்டுமே.