பரிட்சை முடிவும் பரிகார வியாபாரமும்

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து, 14 கிலோமீட்டர் தூரம் மலையைச் சுற்றிவிட்டுப் போகிறார்கள் என்பது யாவரும் அறிந்ததேயாகும். அவர்களில் அநேகர் ஏதோ ஒரு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள். கோர்ட்டில் கிடக்கும் வழக்கு, பெண்ணின் கலியாணம், பிள்ளையின் உத்தியோகம் என்று ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பயம் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. நாளைக்கு என்ன ஆகுமோ என்கின்ற அந்தப் பயம்தான் புரோகிதனுக்கும் ஜோசியனுக்கும் முதலே ஒழிய, அவர்களுக்கு வேறு முதல் கிடையாது.

இப்படிக் காத்திருப்பவர்களில் ஒரு சாராரைப் பற்றி மாத்திரம் இன்று எழுத முன்வந்தோம். மார்பில் ஒரு கட்டி தென்பட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசியால் சிறிது சதையை எடுத்துப் ‘பயாப்ஸி’ என்னும் பரிட்சைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வருகிற வரையில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பற்றியதே இது.

அந்தச் சில நாட்களில் நம் வீடுகளில் நடப்பதென்ன? “வெளியே சொல்லாதே, பெண்ணுக்கு வரன் வராது” என்கிறாள் மாமியார். “போன ஜன்மத்துப் பாவம்” என்கிறாள் அடுத்த வீட்டுக்காரி. ஜோசியன் ராகு பார்வை என்கிறான். மந்திரிக்கிறவன் கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் அறுக்கிறான். புருஷனோ ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துகொள்ளுகிறான். இவ்வளவு பேருக்கும் நடுவில் அந்தப் பெண் இரவெல்லாம் தூங்காமல், யாரிடமும் வாய்விட்டு அழக்கூட முடியாமல் தனியாகக் கிடக்கிறாள்.

சரி, பரிட்சை முடிவு வர ஏன் நாளாகிறது என்பதைக் கொஞ்சம் யோசிப்போம். எடுத்த சதையை மருந்து நீரில் ஊறப்போட்டு, மெழுகில் பதித்து, தலைமயிரைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயமேற்றி, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, படித்த டாக்டர் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். சில சமயங்களில் இன்னும் இரண்டொரு சாயங்கள் ஏற்றிப் பார்க்க வேண்டியும் வரும். இதற்குச் சில நாட்கள் முதல் ஒன்றிரண்டு வாரம் வரையிலும்கூட ஆகலாம். ஆதலால் தாமதமானாலே கெட்ட சேதிதான் என்று எண்ணிக்கொள்ளுவதற்கு ஆதாரமில்லை. ஊசி குத்தினால் புற்று உடம்பெல்லாம் பரவிவிடும் என்று சொல்லுவதும் வெறும் புரளியே.

இதில் ராகுவுக்கும் கேதுவுக்கும் என்ன வேலை என்று கேட்கின்றோம். அந்தச் சதையில் இருப்பது எதுவோ அது ஊசியில் எடுத்த அன்றைக்கே இருந்துவிட்டது. முடிவு இனிமேல் ஏற்படப் போகிறதில்லை. ஏற்கெனவே இருப்பதைப் படிப்பதற்குத்தான் நாளாகிறது. தபாலில் வந்துகொண்டிருக்கும் கடிதத்தின் எழுத்தை அர்ச்சனை செய்து மாற்ற முடியுமானால், கண்ணாடிச் சில்லில் இருக்கும் சதையையும் மாற்றலாம்.

அப்படியிருந்தும் பரிகார வியாபாரம் நொடித்துப்போகாததற்குக் காரணம் உண்டு. மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல. கொழுப்புத் திரட்சியும், நீர்க்கட்டியும், வாலிபப் பெண்களுக்கு வரும் நார்க்கட்டியுமாகவே இருக்கின்றன. ஆகவே வருகிறவர்களுக்கெல்லாம் பரிகாரம் சொல்லுகிற ஜோசியனுக்கு, விரலை அசைக்காமலேயே பெரும்பாலோர் விஷயத்தில் ஜெயம். மீதிப்பேருக்கு “உன் பக்தி போதவில்லை” என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. நல்லது வந்தால் கடவுள் கொடுத்தார், கெட்டது வந்தால் நீ கெடுத்தாய்! இதைவிட நஷ்டமில்லாத வியாபாரம் உலகத்தில் வேறு உண்டா?

இதற்கு ஒரு சாட்சி வேண்டுமானால் வெளியூர் போகவேண்டாம். இதே ஊரில் பகவான் என்று கொண்டாடப்பட்ட ரமணருக்கு இடது கையில் ஒரு கட்டி வந்தது. டாக்டர்கள் அறுத்தார்கள்; மறுபடியும் வளர்ந்தது. சதையைப் பரிட்சை செய்து புற்று வகையில் ஒன்று என்று கண்டார்கள். ரேடியம் வைத்தார்கள். ஒரே வருஷத்தில் நான்கு முறை கத்தி வைத்தும் தீராமல், 1950 ஏப்ரல் 14-ல் அவர் இறந்துபோனார். இதைக் கேலியாகச் சொல்ல நாம் வரவில்லை. டாக்டர்களைக் கூப்பிட்டவர்கள் செய்தது முழுவதும் சரியே. நாம் கேட்பதெல்லாம், மகானின் கைக்கு டாக்டரும் பரிட்சையும் ரேடியமும் வேண்டியிருக்கும்போது, குடியானவன் பெண்சாதியின் மார்புக்கு மாத்திரம் விபூதியும் எலுமிச்சம்பழமும் எப்படிப் போதும் என்பதுதான்.

நிற்க. இந்தக் காத்திருக்கும் நாட்களே பெண்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை என்பதையும் நம் தோழர்கள் அறிய வேண்டும். அமெரிக்காவில் முன்பெல்லாம் கட்டியுள்ள பெண்ணை மயக்கத்தில் படுக்க வைத்து, அப்பொழுதே சதையைச் சோதித்து, புற்று என்று கண்டால் அவள் விழிப்பதற்கு முன்பே மார்பை எடுத்துவிடுவது வழக்கமாயிருந்தது. மார்பு இருக்கிறதா இல்லையா என்பது அவள் கண் விழித்துத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாயிருந்தது! 1974-ல் தமக்கே கட்டி கண்ட ரோஸ் குஷ்னர் என்கின்ற பத்திரிகைக்காரப் பெண்மணி இதை ஒப்பவில்லை. முதலில் பரிட்சை, பிறகு என்னிடம் சொல்லுவது, அதன்பிறகே சிகிச்சை என்று போராடினார். 1979-ல் அந்நாட்டு அரசாங்க சுகாதார நிலையங்கள் கூட்டிய நிபுணர் மகாநாடும் அதையே முறை என்று ஒப்புக்கொண்டது. அறிந்துகொள்ளவும், யோசிக்கவும், சம்மதிக்கவும் அவளுக்கு உரிமையுண்டு என்பதே இதன் பொருள். இதற்குப் பெயர் சுயமரியாதை இல்லாவிட்டால் வேறு எதற்குப் பெயர்?

ஆனால் நம் நாட்டில் அவளுக்குக் கிடைப்பதென்ன? ரிப்போர்ட்டைப் புருஷன் வாங்கி மடியில் செருகிக்கொள்ளுகிறான், அண்ணன் படிக்கிறான், மாமனார் யோசனை சொல்லுகிறார். யாருடைய உடம்போ அவளுக்கு மாத்திரம் “ஒன்றுமில்லை” என்று பொய் சொல்லுகிறார்கள். சிவன் தன் பாதி உடம்பைப் பெண்ணுக்குக் கொடுத்தான் என்று புராணம் பேசி, கார்த்திகை தீபத்தன்று அர்த்தநாரியைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற இந்த ஊரில், ஒரு பெண்ணின் முழு உடம்பைப் பற்றிய ஒரு காகிதத்தை அவள் கையில் கொடுக்க மனம் வரவில்லை!

பெண்கள் தங்கள் சொந்த அறிவால் என்ன செய்யக்கூடும் என்பதற்கு டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் போதும். கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்ட அதே அம்மையார்தான், தமது தங்கை புற்றுநோயால் மாண்டதை மறவாமல், 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர். தங்கை செத்தது விதி என்று அவர் மலை சுற்றிக்கொண்டிருந்தால் அந்த ஆஸ்பத்திரி எங்கே?

இனி நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பயந்து கிடக்கும் ஒரு பெண்ணிடம் போய், “கடவுள் இல்லை, பரிகாரம் பொய்” என்று பிரசங்கம் செய்துவிட்டு நாம் எழுந்து வந்துவிட்டால், நாம் உட்கார்ந்திருந்த பாயிலேயே ஜோசியன் வந்து உட்காருவான். அவன் சொல்லுவது பொய்யானாலும், அவள் சொல்லுவதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறான். அந்த ஒரு வேலையை நாம் செய்யாத வரையில் அவன் கடையை மூட முடியாது.

ஆகவே செய்ய வேண்டியவைகளைச் சொல்லுகிறோம். சதை எடுக்கும் நாளிலும் முடிவு வாங்கும் நாளிலும் புருஷனோ, மகளோ, நம்பிக்கையான சிநேகிதியோ கூடவே போக வேண்டும். முடிவு எந்தத் தேதியில் வரும், யாரிடம் கேட்பது என்பதைப் புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நடுவிலுள்ள நாட்களில் அடுப்பையும் பிள்ளைகளையும் ஆண்கள் பார்த்துக்கொண்டால் குடி முழுகிவிடாது. “ஒன்றும் இருக்காது” என்றும் சொல்ல வேண்டாம், “தலைவிதி” என்றும் சொல்ல வேண்டாம். “எதுவாயிருந்தாலும் நான் கூட இருக்கிறேன்” என்றால் போதும். அவள் அழுதால் அழட்டும். ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுத்து, டாக்டரை அவளிடமே பேசச் சொல்ல வேண்டும். புற்று இல்லை என்று வந்தபிறகும் கட்டி பெரிதானால் மறுபடியும் காட்ட வேண்டும். புற்று என்றே வந்தாலும், சீக்கிரத்தில் கண்டதைத் தீர்க்க இன்று வழிகள் இருக்கின்றன. அநேகருக்கு மார்பை முழுதும் எடுக்காமலே வைத்தியம் செய்கிறார்கள். நம் ஊரிலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஏழைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது.

பரிட்சை முடிவுக்காகச் சில நாள் காத்திருப்பதால் நோய் முற்றிவிடாது. வெட்கத்தாலும் பரிகாரத்தாலும் பல மாதம் மறைத்து வைப்பதால்தான் முற்றுகிறது. அடுத்த பௌர்ணமிக்கு மலை சுற்றப் புறப்படும் ஆண்பிள்ளைகள், அந்த 14 கிலோமீட்டரை ஆஸ்பத்திரிக்கு மனைவியோடு நடந்து பார்க்கட்டும். அதனால் ஒரு உயிராவது பிழைக்கும்.