அரைநாள் யாழ்ப்பாணம் யாருக்காக?

2023 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் திகதி, சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கு ஓர் உல்லாசக் கப்பல் வந்தது. பெயர் 'எம்பிரஸ்'. வரவேற்பு நடந்தது, படங்கள் வெளியாகின, குடாநாட்டுக்கு நற்காலம் பிறந்ததென்ற பேச்சும் எழுந்தது.

அந்தக் கப்பலின் பூர்வீகம் அறியத்தக்கது. 1990 இல் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் சேவைக்கு வந்த கப்பல் அது. மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்குக் குறுகிய உலாக்களுக்காகக் கட்டப்பட்டது. அதே 1990 ஜூனில்தான் காங்கேசன்துறையும் மயிலிட்டியும் பலாலியும் ஊர் ஊராக வெறுமையாயின. கப்பல் முப்பத்து மூன்று ஆண்டுகள் உலகம் சுற்றிவிட்டு இங்கே வந்தது. இங்கிருந்து விரட்டப்பட்டவர்களில் பலர் இன்னமும் தம் வளவுக்குத் திரும்பவில்லை.

கப்பலோடு கரீபியன் கடலின் பயண முறையும் சேர்ந்தே வருகிறது. அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அந்த முறையில் விடுதியும் கப்பல், உணவகமும் கப்பல், கடையும் கப்பல். பயணி காலையில் நாசோ போன்றதொரு நகரில் இறங்குவார், வண்டியில் ஒரு சுற்றுச் சுற்றுவார், தொப்பியொன்று வாங்குவார், இராச்சாப்பாட்டுக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடுவார். அதுவும் போதாதென்று ரோயல் கரீபியன் நிறுவனம் பஹாமாசில் கோக்கோகே என்ற தீவையே தன் பயணிகளுக்கான களியாட்டக் கரையாக்கிக்கொண்டது. ஊர் வெறும் திரைச்சீலை, கல்லாப்பெட்டி வேறிடத்தில்.

"வருகிறவன் வரட்டுமே, நாலு காசு கிடைக்குமே" என்பார்கள். கேட்கிறேன்: அந்த நாலு காசு யாருக்கு? காங்கேசன்துறைக் கடற்கரையில் 'தல்செவன' என்ற உல்லாச விடுதியை நடத்துவது இராணுவம். அயலிலே தம் காணியை விடுவியுங்களென்று மனுக் கொடுத்துக் களைத்தவர்கள் இருக்கிறார்கள். காணிக்காரர் வேலிக்கு வெளியே நிற்க, விருந்தாளி உள்ளே குளிப்பதற்குப் பெயர் சுற்றுலா அபிவிருத்தியா?

பயணிகளை வரவேண்டாமென்று நான் சொல்லவில்லை. 2019 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் – காங்கேசன்துறைப் படகுச் சேவை தொடங்கிற்று. தடைப்பட்டு 2024 ஓகஸ்டில் மீண்டது. வழி திறந்ததில் மகிழ்ச்சியே. ஆனால் திட்டமிடுவோரே, அரைநாளைக் கணக்கிலெடுத்துத் திட்டமிடாதீர்கள்.

மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நகரம்: நல்லூர், கோட்டை, பொது நூலகம். 1981 ஜூன் முதலாம் திகதி ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்து சாம்பலான இடத்தில், வெள்ளைக் கட்டடத்தின் முன் படமெடுத்துவிட்டு ஓடுவதற்குப் பத்து நிமிடம் போதும். உள்ளே வாசிக்கும் பிள்ளைகளைக் காண அது போதாது. இரண்டாம் நாள் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு செல்லுங்கள். பவளக்கல் வேலிகளும் கட்டாக் குதிரைகளும் காத்திருக்கும். குடிநீருக்குத் தீவார் படும் பாட்டையும் கேட்டு வாருங்கள். மூன்றாம் நாள் வலிகாமம் வடக்கு: கீரிமலைக் கேணி, 2017 இல் விடுவிக்கப்பட்ட மயிலிட்டித் துறைமுகம், ஓய்ந்துபோன சீமெந்துத் தொழிற்சாலை. ஊரவர் வீட்டில் தங்குங்கள். ஊரவர் கடையில் உண்ணுங்கள். ஒடியற் கூழுக்குக் காசு கொடுங்கள்.

நம்மவருக்கும் ஒரு சொல். படகு நேரத்தை மூன்று மொழிகளிலும் துறையில் எழுதி வைக்கப் பிரதேச சபைக்குப் பெருநிதி வேண்டுமா? வழிகாட்டப் படித்த இளைஞர் இல்லையா? இருபத்தைந்து வீடுகளின் அறைகளைப் பதிவுசெய்ய எந்த வல்லரசின் அனுமதி வேண்டும்? கொழும்பையே குறைகூறிக் கொண்டிருப்பது எளிது. கப்பல் நிறுவனத்தின் நிபந்தனையை நாமே எழுதுவோமென்று எழுந்து நிற்பதுதான் கடினம்.

நிபந்தனை இரண்டே: வருகிறவர் ஓர் இரவாவது ஊரில் தங்கவேண்டும், துறைமுகத்தின் வருவாயில் அந்த மண்ணை இழந்தோருக்குப் பங்கு வேண்டும். இவற்றை மறுக்கும் கப்பல் வேறு துறை தேடிக்கொள்ளட்டும்.