பியூனும் பண்ணையாளும்

புளியறை வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும், பஞ்சாலையில் நூல் நூற்கும் தொழிலாளிக்கும் தெரிந்த சொல் 'பியூன்'. ஆபீஸ் வாசலில் நிற்பவர், மணியடித்தால் ஓடுபவர். இது ஆங்கிலேயன் சொல் என்றே நாம் நினைக்கிறோம். அவனுக்கும் அது இரவல்தான்.

லத்தீன் மொழியில் 'பாதம்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது இது. ஸ்பானியர் 'பெயோன்' என்றார்கள். போர்த்துகீசியரிடமும் இதே சொல் சிறு மாற்றத்தோடு உண்டு. பொருள் என்ன? காலால் நடந்து சண்டையிடும் சிப்பாய். நாம் 'காலாள்' என்கிறோமே, அதேதான். குதிரை உள்ளவன் பிரபு, நடப்பவன் காலாள். சதுரங்கத்தில் முதலில் வெட்டுப்படும் காய்க்கும் ஸ்பானியர் வைத்த பெயர் இதுவே.

இந்தச் சொல் இரண்டு திசைகளில் கப்பலேறியது. போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்து காவற்காரன், சேவகன், கடைசியில் ஆபீஸ் ஏவலாள் என்று ஆயிற்று. ஸ்பானியர் வழியாக மெக்சிகோ சென்று பண்ணையில் உழைக்கும் கூலியாள் ஆயிற்று. அங்கே முதலாளி முன்பணம் கொடுப்பான். பண்ணைக் கடையிலேயே சாமான் வாங்கச் சொல்வான். கணக்கையும் அவனே எழுதுவான். கடன் தீராது, தீராதவரை ஆள் வெளியேற முடியாது. இந்தக் கொடுமைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரும் இதே சொல்லிலிருந்து பிறந்ததுதான்: 'பியோனேஜ்'. தமிழில் சொன்னால் கொத்தடிமை.

அமெரிக்கா 1867-ல் சட்டம் போட்டு இதைத் தடை செய்தது. மெக்சிகோவில் 1910-ல் புரட்சி வெடித்தது. 1917-ல் வந்த அரசியல் சட்டம் அதுவரை தொழிலாளி தலையில் ஏறியிருந்த வேலைக் கடன்களை ரத்து செய்தது. தஞ்சையில் செங்கொடியின் கீழ் பண்ணையாட்கள் திரண்டார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் இந்தியா முழுமைக்கும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது.

இன்று தமிழக அரசு ஆபீசில் 'பியூன்' என்ற பதவிப் பெயர் இல்லை. 'அலுவலக உதவியாளர்' என்கிறார்கள். நல்லதுதான். மரியாதையான பெயர் வேண்டும். ஆனால் பெயர்ப் பலகையை மாற்றினால் மட்டும் விலங்கு கழன்றுவிடாது. செங்கல் சூளையில் 'அட்வான்ஸ்' என்று கொடுத்துக் குடும்பத்தையே பிடித்து வைக்கிறார்களே, அது என்ன? 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலப் பெயர் சூட்டி, கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்று ஆசை காட்டி, இளம்பெண்களைப் பஞ்சாலை விடுதிகளில் அடைத்தார்களே, அது என்ன? பெயர்தான் வேறு; பிடி ஒன்றே.

தோழர்களே, ஒன்றை மனதில் வையுங்கள். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையைவிட்டுப் போகவிடாமல் தடுப்பது குற்றம். 1976 சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது; அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கொத்தடிமையாக வேலை வாங்குபவனுக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இச்சட்டத்தை அமல் நடத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. தனியாகப் போக அஞ்சுபவர் சங்கத்தோடு போகட்டும். சதுரங்கத்தில் காலாள் தனியே நின்றால் வெட்டுப்படுவான். அணியாக நின்றால் அவனை அசைப்பது எளிதல்ல.