ஒஸ்லோவில் இரண்டு நாள்

லண்டனில் வாழும் எமது பழைய மாணாக்கர் ஒருவர், மணமாகி ஓராண்டு நிறையும் வேளையில் மனைவியுடன் நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோவுக்குச் சென்றுவர விரும்பி எமது யோசனையைக் கேட்டிருந்தார். அவர் பகலிலும் மனைவியார் இரவிலும் வேலைசெய்பவர்கள். ஒன்றாக இருந்து உண்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாமாம். கைவசமுள்ளதோ சிறு சேமிப்பு. அதிற் பாதியை ஓரிரவு விருந்துக்கே ஒதுக்கியிருந்தார். அதனை நாம் ஒப்பவில்லை.

அந்நகரில் அறையும் உணவுமே பணத்தை விழுங்குவன. காணத்தக்கவற்றுட் பல காசு கேளாதவை. குஸ்தாவ் விகெலண்டின் இருநூறுக்கு மேற்பட்ட சிற்பங்கள் நிற்கும் பூங்காவுக்குக் கட்டணமுமில்லை, கதவடைப்புமில்லை. 2008 இல் திறக்கப்பட்ட இசைநாடக மாளிகையின் வெண்ணிறக் கூரைமீது யாவரும் நடந்தேறலாம். நகர பஸ்ஸுக்கு வாங்கிய ஒருநாட் சீட்டே தீவுப்படகுக்கும் செல்லும்; ஹோவெடோயாத் தீவில், 1147 இல் நிறுவப்பெற்ற துறவிமடத்தின் இடிபாடுகளருகே உணவுப்பொதியை அவிழ்க்கலாம். ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். ஆதலால் ரொட்டியைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். குழாய்த் தண்ணீரே நல்ல தண்ணீர், போத்தல் வீண்செலவு. (எம்போன்ற கஞ்சருக்கும் ஏற்ற ஊர்தான்!)

விருந்துப் பணத்தில் இன்னுமோர் இரவுக்கு அறை எடுக்குமாறு எழுதினோம். திங்கட்கிழமைக்கு இருவரும் லீவு கேட்டிருப்பதாக மனைவியாரின் கையெழுத்தில் மறுமொழி வந்தது.